புத்தகத்தில் இல்லாத பெயர்

“இந்தப் பேர் முந்தி ஆருக்காவது வைச்சிருக்கோ எண்டு புத்தகத்தில பாத்துச் சொல்லுங்கோ, சுவாமி.”

யூலியானா நீட்டிய கடதாசியில் ‘றெஸ்மிறோன்’ என்று எழுதியிருந்தது. தீவுக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த சுவாமியார் ஞானஸ்நானப் புத்தகத்தைப் புரட்டினார்.

“இல்லைப் பிள்ளை, ஒருத்தருக்கும் வைக்கேல்லை.”

“மற்றத் தீவுகளில?”

சுவாமியாருக்குச் சிரிப்பு வந்தது.

“ஆருக்கும் இல்லாத பேர் வைக்கிறது இப்ப பெருமையாப் போச்சு. அந்தோனியார் பெருநாளண்டு பிறந்த பிள்ளை. இங்கத்தை வழக்கப்படி அந்தோனி எண்டு வையுமன்.”

“வேண்டாம் சுவாமி.”

“புனிதரின்ர பேரில உமக்கென்ன வெறுப்பு?”

அவள் குனிந்து மடியில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள். சுவாமியார் சலிப்போடு பேனாவை எடுத்தார்.

“சரி, தகப்பன்ர பேரைச் சொல்லும்.”

“அந்தோனி. அவரும் பெருநாளண்டு பிறந்தவர்தான்.”

“ஏன், ஆள் வரேல்லையோ?”

“பங்குனியில ஊர்காவற்றுறைக்கு மீன் கொண்டு போனவர். பாஸ், அடையாள அட்டை எல்லாம் காட்டினவராம். லிஸ்ற்றில பேர் கிடக்கெண்டு நேவிக்காரர் இறங்குதுறையில வைச்சே ஏத்திக்கொண்டு போயிற்றினம். அது ஆரோ வேற அந்தோனி, சுவாமி. இந்தத் தீவில மட்டும் பதினொரு அந்தோனிமார் இருக்கினம் எண்டு எவ்வளவோ சொல்லிப் பாத்தனாங்கள். ஆள் இன்னும் வரேல்லை.”

சுவாமியாரின் பேனா கடதாசிக்கு மேலே அப்படியே நின்றது.

“இவனையாவது ஆரும் ஆள் மாறிப் பிடிச்சுக்கொண்டு போகக் கூடாது, சுவாமி.”