நடுவில் இரண்டடி

நெப்ராஸ்காவில் எமில் வோபாட்டின் வீடு இரண்டு கவுண்டிகளின், அதாவது மாவட்டங்களின், எல்லைமேல் நிற்கிறது. பள்ளிக்கூடம் இரண்டுக்கும் பொது. அதற்கான சொத்து வரியை, வீடு எந்தப் பக்கம் எவ்வளவு இருக்கிறதோ அப்படிப் பிரித்துக்கொள்வார்கள்.

கிழக்குக் கவுண்டியின் வரி மதிப்பீட்டாளர் லோயிஸ் கிழக்குச் சுவரிலிருந்து தன் கவுண்டி எல்லைவரை அளந்தாள். மேற்குக் கவுண்டியின் வெர்லின் மேற்குச் சுவரிலிருந்து தன் எல்லைவரை அளந்து வந்தான். படுக்கையறையில், கட்டிலை ஒட்டி, இரண்டடி இடம் யாருக்கும் சேராமல் கிடந்தது.

"டேப்ப ஒழுங்காப் பிடிச்சியா, இல்ல சாப்பாட்டு ஞாபகமா?"

"நீ மொதல்ல கண்ணாடியப் போடு தாயி."

மறுபடி அளந்தார்கள். இரண்டடி அப்படியே இருந்தது.

கட்டிலில் உட்கார்ந்திருந்த எமில் சொன்னார்: "என் பொண்டாட்டி டார்லீன் அங்கதாம்மா விழுந்தா. ரெண்டு கவுண்டி ஆம்புலன்ஸும் வந்துது. இங்க யாருமே இல்லியேன்னு திரும்பிப் போயிட்டாங்க."

கிழவரைத் தேற்றலாமென்று லோயிஸ் கட்டிலை நோக்கி, அந்த இரண்டடிக்குள் காலை வைத்தாள்.

வெர்லின் சுற்றுமுற்றும் பார்த்தான். "லோயிஸ் எங்க பெரியவரே? இப்பத்தான நின்னுக்கிட்டிருந்தா?"

எமில் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"இங்கதான்டா இருக்கேன்!" என்று லோயிஸ் கத்தினாள். அவன் வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அவள் இன்னும் உரக்கக் கத்தினாள்.

"தொண்டைதாம்மா போகும்," என்றது பக்கத்தில் ஒரு கிழவியின் குரல். "நான் கத்தாத கத்தலா?"