கரண்டு மாமாவின் சட்டைப்பை

"எந்தப் புண்ணியவான்டா ஃபியூஸ்ல கம்பியைச் சொருகினது?"

வீட்டின் பின்பக்கத்திலிருந்து மச்சான் அலறினான். அந்தப் புண்ணியவான் நான்தான்.

கரண்டு மாமா இறந்து ஒரு வருஷம். தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். எலெக்ட்ரீஷியன் என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. நினைவு நாளுக்கு வந்த உறவுக் கூட்டம் முன்னறையில் வியர்த்து வழிந்துகொண்டிருந்தது. ஃபேன் ஓடவில்லை. போர்டைத் திறந்தேன், ஃபியூஸ் கட்டையைக் காணோம். ஒரு துண்டுக் கம்பியை வளைத்துச் செருகினேன். ஃபேன் சுற்றியது. "பரவாயில்லையே, இவன்கூட உருப்பட்டுட்டான்" என்று பெரியம்மா வாயைத் திறந்த நேரம்தான் அந்த அலறல்.

மாமாவின் ஒரே மகன் மச்சான், ஜவுளிக்கடை வைத்திருப்பவன். அவன் மோட்டார் சுவிட்சைக் கழற்ற உட்காருவான் என்று யார் கண்டது? சுவரோரம் விழுந்து கிடந்தான். ஃபியூஸ் கட்டை அவன் சட்டைப்பையில் இருந்தது.

"உயிரோடதான இருக்கே மச்சான்?"

"உன் புண்ணியத்துல இன்னும் போகலை. கை மரத்துப்போச்சு, அவ்வளவுதான்."

அத்தை ஓடி வந்து மெயினை அணைத்தாள். கம்பியைப் பிடுங்கி உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள்.  என் பக்கம் திரும்பாமல் மச்சான் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

பெரியம்மாதான் பேச்சை மாற்றினாள். "அப்பனுக்குத் தப்பாத பிள்ளை. அவரும் கட்டையைப் பிடுங்கிப் பையில போட்டுக்கிட்டுத்தான் வயரைத் தொடுவாரு. 'கரண்டை நம்பலாம், அடுத்தவன் கையை நம்பக் கூடாது'ம்பாரு."

"வேலை முடிஞ்சா திருப்பி மாட்டணும்ல? பையோட அப்படியே தன் எலெக்ட்ரிக் கடைக்குப் போயிடுவாரு! ஊருக்கெல்லாம் வெளிச்சம், சொந்த வீடு இருட்டு" என்றார் சித்தப்பா. "என் கல்யாண போட்டோவைப் பாருங்க, அதுலயும் அவர் பை புடைச்சுக்கிட்டிருக்கும்."

"அதனாலதான நானே கம்பி வளைக்கக் கத்துக்கிட்டேன்? மாமா பையோட கிளம்பிட்டா இந்த வீட்டுக்கு நான்தான் பவர் ஹவுஸ்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அத்தை எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அப்பா அம்மா இல்லாத என்னைத் தூக்கி வளர்த்தவர் மாமா. "உன் வாயை வச்சு ஒரு கடையே போடலாம்டா. கையை வச்சுத்தான் ஒண்ணும் பண்ண முடியாது" என்பார். அவர் பின்பக்கம் மாரடைப்பில் விழுந்த அன்று மத்தியானம் முன்னறையில் நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன். என்னை எழுப்பியதே வீட்டின் அழுகைச் சத்தம்தான். வளர்த்தவர் போகிறபோதும் தூங்கியவன் என்ற பட்டம் வேறு யாருக்குக் கிடைக்கும்?

கூட்டம் கலைந்ததும் அடுக்களைக்குப் போனேன். அத்தை வெறும் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, மாமா கடைச் சாவி..."

ஒரு வருஷமாகக் கேட்கிறேன். "பார்க்கலாம்" என்பாள். "மழை நிக்கட்டும்" என்பாள். ஒன்றும் தோன்றாவிட்டால் "சாப்பிட்டியா?" என்பாள்.

"சாப்பிட்டியா?" என்றாள்.

"சாப்பிட்டேன். இருந்த வேலையும் போயிடுச்சு அத்தை. கடையைக் குடுங்க, நானும் ஒழுங்கா வேலை கத்துக்கறேன். மாமா பேரு அழியாம இருக்கும். எங்கேயோ போய் நிக்கறதுக்கு அவர் ஸ்டூல்லயே உட்கார்ந்துக்கறேனே."

அத்தை குழாயை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டாள்.

"நான் தூங்கிட்டேன்னுதான கோபம்? முழிச்சிருந்தா தோள்ல போட்டுக்கிட்டு டாக்டர்கிட்ட ஓடியிருப்பேன். அதை நினைச்சு நானே தினம் சாகறேன். திட்டணும்னா திட்டிடுங்க, செருப்பால அடிங்க. நேரா ஒரு பதில் சொல்லுங்க அத்தை."

அத்தை குழாயை மூடினாள். முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு, காலையில் பிடுங்கிய கம்பியை அதன் முடிச்சிலிருந்து எடுத்து மேடையில் வைத்தாள்.

"'அவனுக்குத் தெரிய வேண்டாம், தாங்க மாட்டான்.' கடைசியா அவர் சொன்னது இதுதான். மாரடைப்புன்னு சொல்லச் சொன்னதும் அவர்தான். ஒரு வருஷம் வாயை மூடிக்கிட்டிருந்தேன். இன்னிக்கு என் பிள்ளையும் அதே இடத்துல விழுந்தான். இனிமே முடியாது."

"என்ன அத்தை சொல்றீங்க?"

"அன்னிக்கும் மோட்டார் சுவிட்சுதான். அன்னிக்கும் ஃபியூஸ் கட்டை அவர் சட்டைப்பையிலதான் இருந்துச்சு. ஆனா, நீ படுத்திருந்த ரூம்ல ஃபேன் சுத்திக்கிட்டிருந்துச்சுடா."