கண்ணாடி அறைக்கு வந்த நெத்திலி

கடலுக்குள் நீண்டுபோன பாலம் ஒன்றின் அடியில், தண்ணீருக்குள்ளேயே ஒரு கண்ணாடி அறை. மனிதர்கள் படியிறங்கி வந்து, உள்ளே இருந்தபடி மீன்களைப் பார்ப்பார்கள். அந்தக் கண்ணாடியை ஒட்டியே குடியிருந்த கிளிமீனுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒருநாள் வழிதவறி வந்த நெத்திலியைக் கையோடு கூட்டிப்போய்க் காட்டியது.

"பாத்தியா? நம்ம மேல உசுரையே வச்சிருக்காங்க. எப்படிக் கைதட்டுறாங்க பாரு!"

நெத்திலிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. கண்ணாடியில் மூக்கு உரச நெருங்கிப் போனது. உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் மடியில் டப்பாவைத் திறந்தாள். சிவக்க வறுத்து, தலையும் கண்ணுமாக, டப்பா நிறைய நெத்திலி.

நெத்திலி வாய் பிளந்து அலறியது. "அக்கா! அது எங்க ஆளுங்க! போன வாரம் வலையில போன எங்க சித்தி அது!"

கிளிமீன் டப்பாவைப் பார்த்தது. நன்றாகவே பார்த்தது.

"நெத்திலிதானே," என்றது. "கத்தாதே. அந்தம்மா போனை எடுத்துட்டாங்க, படம் பிடிக்கப்போறாங்க. கொஞ்சம் தள்ளி நில்லு, என்னை மறைக்கிற."

நெத்திலி திறந்த வாயை மூடவே இல்லை. படத்தில் அது சிரிப்பதுபோலவே விழுந்திருந்தது.