மேஜை மேல் மோட்டார்

"மாமா, இது சாப்பிடுற மேஜையா, இல்ல காரேஜா?"

சுனிதாவின் குரல் சுவரைத் தாண்டி வந்தது. பக்கத்து ஃபிளாட் கனகவள்ளி சட்டென்று மிக்ஸியை நிறுத்தினாள். மும்பை செம்பூர் பில்டிங் சுவர்களுக்கு ரகசியம் காக்கத் தெரியாது. கனகவள்ளிக்கும்தான்.

"இந்தா, இப்பம் துடைச்சிருதேன் தாயி." இது சுனிதாவின் மாமனார் சேசுராஜ்.

"அரே, சப்பாத்தியில கூட கிரீஸ் வாடை! வண்டியைப் பழைய இரும்பு வாங்குற பங்கார்வாலாகிட்ட எடைக்குப் போட்டுட்டு அக்கடான்னு உட்காருங்க. உங்களால முடியாது மாமா, விட்டுடுங்க!"

"யாரால முடியாது? என்னாலயா?"

கனகவள்ளி சுவரை முறைத்தாள். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கை சுருண்டுபோன மனுஷன். அவரிடமா இந்தக் கத்து?

விஷயம் இதுதான். சேசுராஜிடம் ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி உண்டு. சாதாரணமாகப் பின்சக்கரம் மட்டும் இழுக்கும். ஒரு குமிழைத் திருப்பினால் நாலு சக்கரமும் இழுக்கும். அப்படி மாற்றிவிடுவதற்கென்றே வண்டிக்கு அடியில் ஒரு சின்ன மோட்டார். மழை தொடங்கிய சமயம் அது மக்கர் பண்ணியது. மகன் ரெனால்ட் வண்டிக்கு அடியில் படுத்துக் கழற்றிக் கொடுத்தான். கிழவர் அதை மேஜையில் வைத்துப் பிரித்தார்.

பிரித்துக்கொண்டே இருக்கிறார்.

மேஜை மேல் வைத்து பேட்டரி ஒயரைத் தொட்டால் மோட்டார் கிர்ரென்று சுற்றும். ஞாயிற்றுக்கிழமைதோறும் சர்ச்சில் பூசை முடிந்து வந்து ரெனால்ட் அதை வண்டியில் மாட்டுவான். குமிழைத் திருப்புவான். ஒரு முனகல்கூட வராது.

"கழட்டுல!" என்பார் சேசுராஜ்.

மறுபடி மேஜை. மறுபடி சுனிதா.

"செம்பூர்ல எந்த மலையில ஏறப் போறாரு இந்த மனுஷன்?" என்று பில்டிங்கே சிரித்தது. கனகவள்ளி மட்டும் சிரிக்கவில்லை. அவள் பார்வையில் இது சுனிதாவின் ராட்சசத்தனம். முன்பும் இப்படித்தான். ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி என்று ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். அமுக்கி அமுக்கி விட வேண்டுமாம். "நான் என்ன தொட்டில் பிள்ளையா?" என்று அவர் ஜன்னல் வழியே வீசிவிடுவார். இவள் கீழே போய்ப் பொறுக்கி வந்து மறுபடி கையில் திணிப்பாள். நச்சரிப்பு தாங்காமல் மனுஷன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டது கனகவள்ளிக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை காலை கொத்தமல்லி வாங்கிக்கொண்டு திரும்பியவள், பார்க்கிங்கில் அப்படியே நின்றாள்.

ஆபீஸுக்குக் கிளம்பிய சுனிதா, மாமனார் வண்டியின் பானட்டைத் தூக்கி உள்ளே கையை விட்டிருந்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். நீலமாக ஏதோ ஒன்றைப் பிடுங்கி டிபன் பைக்குள் போட்டாள். பானட்டைச் சத்தமில்லாமல் மூடிவிட்டு ஸ்டேஷனுக்கு நடையைக் கட்டினாள்.

அடிப் பாவி!

கனகவள்ளிக்கு எல்லாம் பளிச்சென்று புரிந்துவிட்டது. வண்டி சரியாகவே கூடாது. கிழவர் வெறுத்துப்போய் எடைக்குப் போட்டுவிட வேண்டும். அதற்குத்தான் இந்த வேலை!

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. படியேறி ஓடினாள்.

சேசுராஜ் மேஜையில்தான் இருந்தார். எதிரே மோட்டார், நட்டுகள், மண்ணெண்ணெய்க் கிண்ணம்.

"அண்ணாச்சி, கேட்டியளா அநியாயத்தை! உங்க மோட்டார்ல ஒரு கோளாறும் இல்ல. எல்லாம் உங்க மருமவ செய்யுத வேலை. வண்டிக்குள்ள இருந்து என்னத்தையோ பிடுங்கிட்டுப் போறா. என் ரெண்டு கண்ணால பாத்தேன்!"

அவர் நிமிரவில்லை.

"நீலமா, சின்னதா?"

"ஆமா!"

"அது பியூஸு. அது இல்லைன்னா மோட்டாருக்குக் கரண்டே போவாது."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? மோட்டார் முதல் வாரமே சரியாயிட்டு தங்கச்சி. மாட்டியும் ஓடலையேன்னு மெதுவாக் கீழ போய்ப் பாத்தேன். பியூஸ் குழி காலியாக் கிடந்துச்சு. மறுநா போய்ப் பாத்தா பியூஸ் திரும்ப அங்கனயே இருக்கு!"

"பிறவு எதுக்கு அண்ணாச்சி இதைப் பிரிச்சுப் பிரிச்சுப் பூட்டுதிய? நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்க வேண்டாமா அவளை?"

சேசுராஜ் மேஜையில் கிடந்த ஒரு பொடி ஸ்க்ரூவை எடுத்து, அதன் துளையில் வைத்து, விரலாலேயே திருகினார்.

வலது கையால்.

கனகவள்ளி அந்தக் கையையே பார்த்தாள். டீ கிளாஸைப் பிடிக்க முடியாமல் மேலெல்லாம் கொட்டிக்கொண்ட கை அது. மெதுவாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்போ... முடியாது, முடியாதுன்னு அவ போடுத சத்தமெல்லாம்?"

"அப்பதான எனக்கு ரோஷம் வரும்? அவளுக்கு என்னைத் தெரியும்."

அடுத்த ஸ்க்ரூவை எடுத்தவர், வாசலை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவகிட்ட மட்டும் மூச்சு விட்டுராதிய. எனக்கு விஷயம் தெரியும்னு தெரிஞ்சா, அந்தப் பிள்ளை மறுபடியும் பந்தைக் கொண்டாந்து கையில குடுத்திரும்!"