தோளில் ஒன்று, கல்லீரலில் ஒன்று

"பேசாம படுங்க. சும்மா சும்மா தலையைத் தூக்காதீங்க!"

மனைவி அதட்டியதும் கட்டிலில் கிடந்தவர் தலையைச் சாய்த்துக்கொண்டார். முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. நர்ஸ் அவர் காலுக்கடியில் இன்னொரு தலையணையைச் செருகினாள்.

"என்னமோ பண்ணுதும்மா... பீரோ சாவி கடிகாரத்துக்குப் பின்னாடி இருக்கு," என்று முனகினார்.

"அதை அங்கே வெச்சதே நான்தான்."

துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவள் டாக்டரிடம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க டாக்டர். மருந்து வேலை செய்யுதா, இல்லையா? தோள்ல இருக்கிற கட்டியைத் தினமும் தொட்டுப் பார்க்கிறேன். நெல்லிக்காய் அளவுல அப்படியே இருக்கு. மூணு வாரமா எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை."

டாக்டர் ஸ்கேன் திரையைக் காட்டினார். "இது கல்லீரல்ல இருக்கிற கட்டி. சிவப்பும் நீலமுமா மின்னுது பாருங்க. அவ்வளவும் ரத்த ஓட்டம்."

"ஐயோ..." என்றது கட்டில் பக்கமிருந்து ஒரு குரல்.

"மருந்து ரத்தத்தோடதானே போகும்? இங்கே நிறையப் போயிருக்கு. போன தடவைக்கு இப்ப பாதியாச் சுருங்கிடுச்சு. தோள்ல இருக்கிறதும் அதே நோய்தான். ஆனா இடம் வேற. அங்கே ரத்தம்..."

"ஐயையோ!"

"டாக்டர், அந்த வார்த்தை வேண்டாமே," என்றாள் நர்ஸ்.

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "அங்கே... 'அது' சரியாப் போகலை. இந்தத் தோள் படத்துல ரெண்டே ரெண்டு புள்ளிதான் தெரியுது. அதனால மருந்தும் போய்ச் சேரலை."

"மாடிக் குழாய்ல தண்ணி ஏறாத மாதிரியா?"

"அதேதான்!"

அவள் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். துண்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கைக்கு எட்டினதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தே பயந்து செத்தேன். உள்ளே இருக்கிறது கரையுதுன்னு யாருக்குத் தெரியும்? சரி, தோள்ல இருக்கிறதை என்ன பண்றது?"

"தோலுக்கு அடியிலதான் இருக்கு. மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதா வெட்டி..."

கட்டில் கிறீச்சிட்டது. "வெட்டியா!"

"நீங்க காதைப் பொத்திக்குங்க! வெட்டிடலாம் டாக்டர். நாளைக்கேன்னாலும் சரி."

நர்ஸ் ஒரு தம்ளரில் பழச்சாறு கொண்டுவந்தாள். அவர் எழுந்து உட்கார்ந்து இரண்டு வாய் குடித்தார். முகம் கொஞ்சம் தெளிந்தது.

டாக்டர் அவர் நாடியைப் பிடித்துப் பார்த்தார். "பரவாயில்லை சார். மெதுவா இறங்கி அந்த நாற்காலியில உட்காருங்க. திரைப் பக்கம் மட்டும் திரும்பாதீங்க."

பிறகு அந்த அம்மாளைப் பார்த்துச் சொன்னார். "நீங்க வந்து படுங்கம்மா. இவர் மயங்கி விழுந்ததுல உங்க ஸ்கேன் பாதியிலேயே நிக்குது."