வெள்ளிக்கிழமைக் கணவர்

நைஜீரியாவின் கானோ நகரச் சந்தைப் புத்தகக் கடையில் சும்மா ஒரு கதைப் புத்தகத்தைப் புரட்டிய தன்லாமிக்கு முதல் வரியே சுருக்கென்றது.

'கணவர் பெயரைச் சொல்வது எங்களுக்கு வழக்கமில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அவர் எங்கே போகிறார் என்று எனக்குத் தெரியும்.'

கோலாக் கொட்டை மெல்லும் கணவர். இடப்பக்கம் சாய்ந்த தொப்பி. தன்னையே அல்லவா எழுதியிருக்கிறாள்! மனைவி பில்கிசு எந்நேரமும் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தது இதற்குத்தானா?

நின்றவாக்கிலேயே கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டான்.

“எழுதினது யாருய்யா?”

“யாரோ ஒரு பொம்பளை, பேர் போடலை,” என்று கடைக்காரர் சிரித்தார். “புருஷன் பேரும் இல்லை பாருங்க. அதான் கையில எடுத்த ஆம்பளை எவனும் முடிக்காம கீழ வைக்கமாட்டேங்கிறான்.”

அது அவன் காதில் ஏறவில்லை. காசை எறிந்துவிட்டு வீட்டுக்கு ஓடினான். புத்தகத்தை மனைவி முன் வீசினான்.

“ஊர் சிரிக்க எழுதிட்டியே! அந்தப் பொண்ணை நிக்காஹ் பண்ணிக்கலை, போதுமா?”

பில்கிசு புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

“இதை நான் எழுதலை. நான் எழுதறது பள்ளிக்கூடப் பாடக்குறிப்பு.”

நோட்டை மூடி வைத்துவிட்டு அவன் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“எந்தப் பொண்ணு? முதல்லேர்ந்து சொல்லுங்க. முடியற வரைக்கும் நான் எழுந்திரிக்கமாட்டேன்.”