அவசரக் கூட்டம்

ஊடகச் செயலாளர் கிருசாந்தன் இதுவரை நான்கு அமைச்சர்களிடம் வேலை பார்த்துவிட்டார். அமைச்சர்கள் மாறினார்களே தவிர, "அப்படி எதுவும் நடக்கவில்லை" என்ற அவருடைய அறிக்கை மாறவேயில்லை. பொய்யைத் தோய்த்து, மினுக்கி, மடித்துக் கொடுப்பதில் மனிதர் கெட்டிக்காரர்.

செய்தியாளர் அனோஜா ஒட்டுசுட்டான் சந்தியிலிருந்து அழைத்தாள்.

"அண்ணை, காட்டோர வயலுக்குள்ள யானையள் இறங்கிட்டுதாம். உண்மையே?"

"பச்சைப் பொய், தங்கச்சி. அமைச்சர் மின்வேலி போட்டுத் தந்த பிறகு அங்க ஏது யானை? நட்டஈடு எடுக்கிறதுக்குச் சனம் கதை கட்டுது."

"ஏன் அண்ணை இவ்வளவு மெல்லமாக் கதைக்கிறியள்?"

"ஒரு அவசரக் கூட்டத்தில நிக்கிறன். எல்லாம் பெரிய ஆக்கள். சத்தம் போடேலாது."

"அப்ப சரி. வனஜீவராசி ஆக்கள் யானை விரட்டுற வெடியோட இஞ்சதான் நிக்கினம். யானை இல்லையெண்டு நீங்களே சொல்லிட்டியள் எண்டு திருப்பி அனுப்பிவிடுறன்."

"ஐயோ, பொறுங்கோ!"

"ஏன், அறிக்கையை மாத்தப்போறியளே?"

கிருசாந்தன் கீழே பார்த்தார். மின்வேலியைப் படமெடுக்க வந்த இடத்தில் அவர் ஏறியிருந்த பாலை மரத்தைச் சுற்றி யானைகள் நின்றன. சாய்ந்து கிடந்த வேலியை மிதித்துக்கொண்டு இன்னொன்று வந்துகொண்டிருந்தது.

"அறிக்கையில ஒரு மாற்றமும் இல்லை. யானை இல்லை," என்றார் அவர், கிளையை இறுக்கிக் கட்டிப்பிடித்தபடி. "ஆனா அந்த வெடிக்கார ஆக்களை மட்டும் கெதியா இஞ்ச, வயலடிக்கு அனுப்பிவிடுங்கோ, தங்கச்சி. கூட்டத்தைக் கலைக்கோணும்."